மடியில் கிடக்கும் வலது கை

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. தச்சு வேலை செய்தவர். எட்டு மாதத்துக்கு முன் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இப்போது இடது கையில் தடியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். பேச்சும் தெளிந்துவிட்டது. வலது கைதான் வரவில்லை. தோளைக் கொஞ்சம் தூக்குகிறார். எதையாவது கொடுத்தால் பிடிக்கிறார், ஆனால் பிடித்ததை விட முடிவதில்லை. “ஆறு மாதம் தாண்டினால் இனி வராது, இருப்பதை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்” என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு இடத்தில் ரோபோ சிகிச்சை என்கிறார்கள். வேறொருவர் ஸ்டெம்செல் ஊசி போட்டால் கை திரும்பிவிடும் என்கிறார். இப்போதைய ஆராய்ச்சி என்னதான் சொல்கிறது? சட்டை போட்டுவிடுவது, சாப்பாடு ஊட்டுவது, சவரம் செய்வது என்று அவருக்கு எல்லாவற்றையும் நானே செய்கிறேன். நான் செய்வது சரிதானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

“பிடிக்கிறார், பிடித்ததை விட முடிவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். மறுவாழ்வு மருத்துவம் பார்க்கிற என் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரியிலேயே பாதி விவரம் கிடைத்துவிடுகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு கை திரும்பும்போது பெரும்பாலும் மடக்கும் தசைகள் முந்திக்கொள்ளும். தோள் அசையும், முழங்கை மடங்கும், விரல்கள் இறுகப் பிடிக்கும். விரல்களைப் பிரிக்கிற வேலை கடைசியில்தான் வரும், சிலருக்கு வராமலும் போகும். காரணம், விரலைப் பிரிப்பதற்கு மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடம் வரை இறங்குகிற ஒரு குறிப்பிட்ட நரம்புப் பாதை ஓரளவாவது தப்பியிருக்க வேண்டும். பிடிப்பதற்கு அந்தப் பாதையில்லாமல் வேறு வழிகளும் உடலில் உண்டு. பிரிப்பதற்கு மாற்று வழி மிகக் குறைவு.

இதை நெதர்லாந்தில் அளந்து பார்த்து 2010இல் எழுதினார்கள். பக்கவாதம் வந்து 3 நாளுக்குள் விரலைக் கொஞ்சமாவது நீட்டவும், தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது விலக்கவும் முடிந்தவர்களில் 98% பேருக்கு 6 மாதத்தில் கையில் ஓரளவு நுணுக்கம் வந்திருந்தது. இரண்டும் முடியாதவர்களில் 25% பேருக்குத்தான் வந்தது. அதனால் நான் உங்களிடம் முதலில் கேட்பது “எத்தனை மாதம் ஆச்சு” என்பதை அல்ல. “விரல் பிரிகிறதா, எவ்வளவு பிரிகிறது” என்பதைத்தான்.

அதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். அப்பாவை மேஜை முன் நாற்காலியில் உட்கார வையுங்கள். ஒரு சின்னத் துண்டை மேஜைமேல் கசங்கலாகப் போடுங்கள். வலது கையால் அதை எப்படியாவது பிடித்து, ஒரு அங்குலம் தூக்கி, மறுபடி விடச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கவ்வினாலும் சரி, மூன்று விரலால் சுரண்டி எடுத்தாலும் சரி. அழகாகச் செய்ய வேண்டியதில்லை. விடும்போது கூர்ந்து பாருங்கள். மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டால் தசைநாண்கள் இழுத்து விரல்கள் தாமாகவே கொஞ்சம் பிரியும். அது ஒரு இயந்திர வேலை, மூளையின் வேலை இல்லை. ஆகவே உங்கள் கையால் அவருடைய மணிக்கட்டை நேராகத் தாங்கிக்கொண்டு மறுபடி “விடுங்கப்பா” என்று சொல்லுங்கள். அப்போதும் விரல் நுனிகள் கொஞ்சமாவது நகர்ந்தால் அது அவர் நகர்த்தியதுதான். அவசரப்படுத்தாமல் பத்துப் பதினைந்து விநாடி கொடுங்கள். சேதி மூளையிலிருந்து கிளம்பி விரலுக்கு வந்து சேர நேரம் ஆகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பொறுமையிழந்து தாங்களே விரலைப் பிரித்துவிடுகிறார்கள், நான் தினம் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலரை ஏமாற்றுகிற விஷயம். கொட்டாவி விடும்போது விழுந்த கை தானாக உயர்வது உண்டு. வீட்டில் எல்லாரும் ஓடிவந்து “கை வந்துடுச்சு” என்று சந்தோஷப்படுவார்கள். மூளையின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் தானியங்கி அசைவு அது, அவர் நினைத்து அசைத்தது இல்லை. அதைப் பார்த்து நம்பிக்கை வைக்கவும் வேண்டாம், மறுபடி வரவில்லையே என்று உடைந்துபோகவும் வேண்டாம்.

சரி, ஆறு மாதக் கணக்குக்கு வருவோம். அந்த டாக்டர் இல்லாததைச் சொல்லவில்லை. கோபன்ஹேகனில் 1197 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 95% பேர் பன்னிரண்டரை வாரத்துக்குள் அன்றாட வேலைகளில் தங்களால் எட்ட முடிந்த உச்சத்தை எட்டிவிட்டார்கள் என்பது அதன் முடிவு. அதன் பிறகு மூன்று மாதம், ஆறு மாதம் என்கிற கணக்கு மருத்துவமனைகளில் ஊறிப்போய்விட்டது. நானும் பயிற்சி டாக்டராக இருந்தபோது அதையே பல குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அந்த ஆய்வு அளந்தது குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, நடப்பது போன்ற காரியங்களை. நல்ல கையை வைத்துக்கொண்டே இதையெல்லாம் ஒருவர் கற்றுக்கொண்டுவிடலாம். உங்கள் அப்பாவின் வலது கைக்கு இன்னும் என்ன வரும் என்பதை அது அளக்கவில்லை.

நடைக்கு 2011இல் அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 408 பேர். ஒரு குழுவுக்கு, உடல் எடையைத் தாங்கிக்கொண்டு டிரெட்மில்லில் நடக்கிற பயிற்சியைப் பக்கவாதம் வந்த இரண்டாவது மாதம் தொடங்கினார்கள். இன்னொரு குழுவுக்கு அதே பயிற்சியை ஆறாவது மாதம் தொடங்கினார்கள். மூன்றாவது குழுவுக்கு வீட்டிலேயே பிசியோதெரபிஸ்ட் வந்து உடற்பயிற்சி கொடுத்தார். ஒரு வருட முடிவில் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது, மொத்தத்தில் 52% பேர் நடையில் ஒரு படி மேலே போயிருந்தார்கள். ஆறாவது மாதம் தொடங்கியவர்கள் பின்தங்கவில்லை. விலை கூடிய டிரெட்மில் வீட்டுப் பயிற்சியை முந்தவும் இல்லை.

கைக்கும் ஒரு பதிவு இருக்கிறது. லண்டனில் குவீன் ஸ்கொயர் என்கிற இடத்திலுள்ள நரம்பியல் மருத்துவமனையில் கைக்கென்றே ஒரு சிறப்புத் திட்டம் நடத்துகிறார்கள். மூன்று வாரத்தில் மொத்தம் 90 மணி நேரப் பயிற்சி. அங்கே வந்த 224 பேரின் விவரத்தை 2019இல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் பக்கவாதம் வந்து 18 மாதம் தாண்டியவர்கள். அளவுகோல்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது, வீட்டுக்குப் போய் ஆறு மாதம் கழித்து அளந்தபோதும் அது நிலைத்திருந்தது. பயிற்சி இல்லாத ஒரு குழுவை வைத்து ஒப்பிட்ட சோதனை அல்ல அது, அதனால் அதை முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒன்றரை வருடமாக முன்னேறாமல் கிடந்த கை மூன்று வாரத்தில் தற்செயலாகத் தேறிவிடாது.

இதற்கு எதிராகவும் ஒரு ஆய்வு உண்டு. அதையும் உங்களிடம் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். 2021இல் அமெரிக்காவில் 72 பேரிடம் செய்தது. வழக்கமான சிகிச்சையோடு கைக்கு மட்டும் கூடுதலாக 20 மணி நேரப் பயிற்சி. முதல் ஒரு மாதத்துக்குள் பெற்றவர்களுக்குப் பலன் இருந்தது. இரண்டு, மூன்று மாதத்தில் பெற்றவர்களுக்கு மிக அதிகமான பலன். ஆறு மாதத்துக்கு மேல் பெற்றவர்களுக்கு ஒப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அதாவது ஆரம்ப மாதங்களில் மூளை இளகிய நிலையில் இருக்கிறது என்பது உண்மை. அப்புறம் அது இறுகிவிடுகிறது. இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: எட்டு மாதம் ஆன கைக்கு 20 மணி நேரம் போதவில்லை, 90 மணி நேரம் வேலை செய்கிறது. பின்னால் வருகிற முன்னேற்றத்துக்கு உழைப்பு பல மடங்கு கூடுதலாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம் பிசியோதெரபி என்று போய்க்கொண்டிருந்தால் எதுவும் நகராது. “ஆறு மாசம் ஆச்சு, அதான் வரலை” என்று அப்போது சொல்லிவிடுவார்கள்.

எவ்வளவு குறைவாகச் செய்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2009இல் சில மருத்துவமனைகளில் ஆராய்ச்சியாளர்கள் பயிற்சி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, விழுந்த கையால் ஒரு காரியத்தை எத்தனை தடவை செய்ய வைக்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஒரு அமர்வுக்குச் சராசரி 32 தடவை. குரங்குகளின் மூளையில் கைக்கான பகுதி பயிற்சியால் மாறுவதைக் காட்டிய சோதனைகளில் அவை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை அதே காரியத்தைச் செய்தன. 32 எங்கே, அது எங்கே.

எண்ணிக்கையை ஏற்றினால் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். எண்ணிப் பார்த்த அதே ஆராய்ச்சிக் குழு பின்னர் 85 பேரைப் பிரித்து, மொத்தம் 3200, 6400, 9600 தடவை என்று வெவ்வேறு அளவு கொடுத்துப் பார்த்தது. 2016இல் முடிவு வந்தது: அதிகம் செய்தவர்கள் அதிகம் தேறவில்லை. எல்லாருக்கும் கொஞ்சம்தான் முன்னேற்றம். எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. குவீன் ஸ்கொயரில் நடப்பதைப் பார்த்தால் வித்தியாசம் புரிகிறது. அங்கே வெறுமனே எடுத்து வைப்பது மட்டும் நடப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் எந்த மூட்டு தடுக்கிறது, எந்தத் தசை வரவில்லை என்று பார்க்கிறார்கள். அவருக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றதை வீட்டில் அந்தக் கையால் செய்யப் பழக்குகிறார்கள். எண்ணிக்கை தேவை. ஆனால் செய்கிற காரியத்தில் அவருக்கு அக்கறை வேண்டும், முடியும் முடியாது என்கிற விளிம்பில் அது இருக்க வேண்டும், முடிந்ததும் கொஞ்சம் கடினமாக்க வேண்டும்.

இந்த இடத்தில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வந்துவிடுகிறேன். எனக்கு இதுதான் உங்கள் கடிதத்திலேயே பெரிய கேள்வி.

எட்வர்ட் டாப் என்கிற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளின் ஒரு கையிலிருந்து உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார். அசைக்கும் நரம்புகள் அப்படியே இருந்தன. ஆனாலும் குரங்கு அந்தக் கையைத் தொங்கவிட்டுவிட்டு ஒற்றைக் கையால் வாழப் பழகிவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும், அத்தனை நாள் செத்துக் கிடந்த கையைப் பயன்படுத்த ஆரம்பித்தது. ஆரம்பத்தில் முயற்சி செய்து தோற்கிறது, பொருள் கீழே விழுகிறது. நல்ல கையால் செய்தால் காரியம் உடனே முடிகிறது. நாளடைவில் மூளை அந்தக் கையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஓரளவு திறன் பின்னால் திரும்பியிருந்தாலும் அது வெளியே தெரியாது. மனிதர்களுக்கும் இதேதான் நடக்கிறது. உங்கள் வீட்டில் நல்ல கையோடு கூட நீங்களும் இருக்கிறீர்கள். சட்டைப் பொத்தானை நீங்கள் போட்டுவிடுகிறீர்கள், தம்ளரை நீங்கள் வாயருகே கொண்டுபோகிறீர்கள். அந்தக் கைக்கு விடிந்ததிலிருந்து அடைகிற வரை ஒரு வேலையும் இல்லை. அன்பினால்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். குற்றம் சொல்லவில்லை. ஆனால் நாளையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

டாப் கண்டதை வைத்து உருவானதுதான் நல்ல கையைக் கட்டுப்படுத்தும் பயிற்சி (ஆங்கிலத்தில் Constraint-Induced Movement Therapy, சுருக்கமாக CIMT). 2006இல் வெளிவந்த சோதனையில் 222 பேர். எல்லாரும் பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள், அதாவது உங்கள் அப்பா இருக்கிற கட்டம். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90% வரை நல்ல கைக்குத் தடித்த கையுறை மாட்டினார்கள். வார நாட்களில் தினம் 6 மணி நேரம் வரை விழுந்த கைக்குப் பயிற்சி. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் தெளிவாகத் தேறினார்கள், ஒரு வருடம் கழித்தும் அது மறையவில்லை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மணிக்கட்டையும் விரல்களையும் குறைந்தபட்சம் கொஞ்சமாவது தாமாக நீட்ட முடிந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். அந்தத் துண்டுச் சோதனையை நான் ஏன் முதலில் சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

துண்டை அவரால் விட முடிந்தால், இந்த வழியில் போகலாம். தினம் 6 மணி நேரம் எல்லா இடத்திலும் நடக்காது. நேரத்தைக் குறைத்து, நாட்களை நீட்டிச் செய்கிற முறைகளிலும் பலன் கண்டிருக்கிறார்கள். கைக்குப் பயிற்சி தருகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைக் கண்டுபிடித்து இந்தப் பயிற்சியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அப்பா தடியைப் பிடிப்பது இடது கையில். ஆகவே கையுறை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும். நடக்கும்போதும் குளிக்கும்போதும் சூடான எதையும் தொடும்போதும் கழற்றிவிட வேண்டும். விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டால் எல்லாம் போச்சு.

அவர் தச்சர் என்பது எனக்குப் பெரிய பலமாகப் படுகிறது. பயிற்சிக் கூடத்தில் கொடுக்கிற பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கச் சொன்னால் நாற்பது வருடம் மரம் இழைத்தவருக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். ஒரு சின்ன மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் கொடுங்கள். மேஜைமேல் ஒரு பலகையை நகராமல் கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். வலது கையை அந்தக் கட்டைமேல் வைத்து, முதலில் இடது கையும் மேலே அமர்த்தி, முன்னால் தள்ளி இழுக்கட்டும். தள்ளும்போது முழங்கை நீள்கிறது. மடங்கியே கிடக்கிற கைக்கு அதுதான் வேண்டியது. இழைப்புளி பிடித்த உடம்புக்கு அந்த அசைவு புதிதல்ல. இரண்டு வாரம் கழித்து இடது கையை எடுத்துவிடலாம். அப்புறம் பெரிய மரத்துண்டுகளை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, பிறகு தடித்த ஆணிகள், முடிந்தால் ஒரு நாள் ஸ்க்ரூ. உளியும் ரம்பமும் இப்போதைக்கு வேண்டாம். எத்தனை தடவை செய்தார் என்று சுவரில் ஒரு தாளில் அவரே கோடு போடட்டும். எத்தனை பேரிடம் பார்த்துவிட்டேன், கோடு கூடக் கூட முகம் மாறும்.

விரல் துளியும் பிரியவில்லை என்றால் வேறு பாதை. அதில் எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடிப் பயிற்சி, ஏனென்றால் வீட்டில் இருக்கிற ஒரு கண்ணாடி போதும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் ஆராய்ச்சியாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில், கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வருகிற வலிக்காக இதைக் கண்டுபிடித்தார். 1999இல் பக்கவாதத்துக்கும் முயன்று பார்த்தார்கள். கண்ணாடியை மார்பின் நடுவுக்கு நேராக, மேஜையில் இரண்டு கைகளுக்கும் இடையே தடுப்புச் சுவர்போல, முகம் இடது கையைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும். கண்ணாடியில் இடது கையின் பிம்பம் தெரியும், பார்க்க அது வலது கை போலவே இருக்கும். இடது விரல்களை மெதுவாகப் பிரித்து மூடிக்கொண்டே, மறைந்திருக்கிற வலது விரல்களையும் அப்படியே செய்ய முயல வேண்டும். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள், இரண்டு கையும் ஒரே மாதிரி தெரிந்தால்தான் மூளை நம்பும். 2018இல் 62 ஆய்வுகளை, மொத்தம் 1982 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் கை அசைவில் பலன் உண்டு என்று தெரிந்தது. பெரிய பலன் என்று சொல்ல முடியாது, இருந்தாலும் உண்மையான பலன். தினம் அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு மாதம் செய்து பாருங்கள். அதோடு மணிக்கட்டையும் விரல்களையும் நீட்டுகிற தசைகளில் மின்தூண்டல் கொடுக்கிற சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. அதை பிசியோதெரபிஸ்ட் எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். மின்சாரம் வரும் அதே நேரத்தில் அவரும் விரலைப் பிரிக்க முயல வேண்டும், டிவி பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

விரல்கள் கல்போல் இறுகி, நகம் உள்ளங்கையில் குத்துகிறதா? அப்படியானால் போட்டாக்ஸ் ஊசி பற்றி டாக்டரிடம் பேசலாம். இறுக்கம் சுமார் மூன்று மாதம் தளரும், உள்ளங்கையைக் கழுவுவதும் சட்டைக்கையில் நுழைப்பதும் எளிதாகும். ஆனால் 333 பேரிடம் பிரிட்டனில் செய்து 2011இல் வந்த சோதனையில், ஊசியால் கையின் திறன் கூடவில்லை. இறுக்கம் தளர்ந்த அந்த மூன்று மாதத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால்தான் அதைப் போட்டதற்கு அர்த்தம்.

ரோபோ பற்றிக் கேட்டீர்கள். பிரிட்டனில் 770 பேரிடம் நடந்த பெரிய சோதனை 2019இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ரோபோ, இன்னொரு குழுவுக்கு அதே அளவு நேரம் தெரபிஸ்ட்டின் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. ஒரு தடவைக்கு 45 நிமிடம், வாரம் மூன்று தடவை, 12 வாரம். வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ கையின் திறனைக் கூட்டவில்லை. கையைத் தானே நகர்த்திவிடுகிற இயந்திரமாக இருந்தால் மூளைக்கு அங்கே வேலையே இல்லை. நோயாளி முயன்றால் மட்டும் உதவுகிற கருவிகள் இருக்கின்றன. பயிற்சிக்கு ஆள் கிடைக்காத இடத்தில் அதிக எண்ணிக்கை செய்ய அவை உதவலாம். அதற்காகக் கடன் வாங்காதீர்கள் என்பது என் யோசனை.

ஸ்டெம்செல் ஊசி வேண்டாம். ஜப்பானில் 206 பேருக்கு, பக்கவாதம் வந்த ஓரிரு நாளுக்குள்ளேயே ஸ்டெம்செல் கொடுத்துப் பார்த்த சோதனை 2024இல் வெளிவந்தது. மூன்று மாத முடிவில் போலி மருந்து பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எட்டு மாதம் ஆனபிறகு கையைத் திருப்பித் தரும் என்று நிரூபணமான ஸ்டெம்செல் சிகிச்சை இன்று எதுவும் இல்லை. முறையான ஆராய்ச்சியில் சேர்ப்பவர்கள் பொதுவாக உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். பணம் கேட்டு ஊசி போடுகிறவர்களைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையைக் கைக்காகச் சிலர் எழுதித் தருவார்கள். 118 பேரிடம் செய்த ஒரு சிறிய ஆய்வு 2011இல் நம்பிக்கை கொடுத்தது. 2019இல் 3127 பேரிடம் பார்த்தபோது கை, கால் தேறவில்லை, எலும்பு முறிவு கூடியது. மனச்சோர்வுக்காக டாக்டர் கொடுத்தால் அது வேறு விஷயம். மண்டைக்கு மேல் காந்தத்தால் தூண்டுகிற சிகிச்சையும், 199 பேரிடம் செய்து 2018இல் வெளியான ஒரு கவனமான சோதனையில், போலித் தூண்டலை முந்தவில்லை.

புதியவற்றில் நான் ஆவலோடு பின்தொடர்வது ஒன்றுதான், வேகஸ் நரம்பைத் தூண்டுவது. கழுத்தில் ஓடுகிற அந்த நரம்பில் மின்கம்பி சுற்றி, மார்புத் தோலுக்கு அடியில் ஒரு சிறு கருவி வைக்கிறார்கள். நோயாளி ஒரு அசைவைச் செய்கிற அந்தக் கணத்தில் தெரபிஸ்ட் பொத்தானை அழுத்துகிறார். “இப்போது செய்தாயே, இதை வைத்துக்கொள்” என்று மூளைக்குச் சொல்வது போல. பக்கவாதம் வந்து 9 மாதம் முதல் 10 வருடம் வரை ஆன 108 பேரிடம் செய்த சோதனை 2021இல் வெளிவந்தது. தூண்டலோடு பயிற்சி செய்தவர்களில் 47% பேர் பயன்படும் அளவுக்குத் தேறினார்கள், தூண்டல் இல்லாமல் அதே பயிற்சி செய்தவர்களில் 24% பேர். அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறுவை சிகிச்சை வேண்டும், எல்லாருக்கும் பொருந்தாது, பரவலாகக் கிடைக்கவும் இல்லை. ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 24% பேர்தான். கருவி வேலை செய்யாமலே, ஆறு வாரக் கடும் பயிற்சியிலும் அதன் பிறகான வீட்டுப் பயிற்சியிலும் நாலில் ஒருவர், பல வருடம் ஆன கையோடு, தேறியிருக்கிறார்.

உங்களைப் பற்றியும் கொஞ்சம். குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் மூலமாகவே வீட்டில் மறுவாழ்வுச் சிகிச்சை நடத்தினால் என்ன ஆகும் என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளோடு சோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் மற்றவரைச் சார்ந்தே இருந்தவர்களும் சேர்ந்து இரண்டு குழுவிலும் 47%. வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு நிபுணர்கள் ஒதுங்கிக்கொண்டால் போதாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். கனடாவில் 103 பேரிடம் செய்து 2009இல் வந்த வேறொரு ஆய்வில், தெரபிஸ்ட் ஒரு பயிற்சிப் புத்தகத்தையும் பொருட்களையும் கொடுத்து, நோயாளி தானே தினம் ஒரு மணி நேரம் செய்தார். தெரபிஸ்ட் இடையிடையே பார்த்து அளவைக் கூட்டினார். நான்கு வாரத்தில் கை நன்றாகத் தேறியது. ஆகவே நீங்கள் தெரபிஸ்ட் ஆக வேண்டியதில்லை. பொருட்களை எடுத்து வையுங்கள், கிளாம்ப்பை இறுக்குங்கள், அப்புறம் உங்கள் வேலையைப் பார்க்கப் போங்கள். பத்து நாளைக்கு ஒரு தடவையாவது தெரபிஸ்ட் பார்த்து மாற்றிக்கொடுக்கட்டும்.

வலது கையைப் பிடித்து அவரைத் தூக்கிவிடாதீர்கள், அக்குளில் கைகொடுத்து இழுக்கவும் வேண்டாம். பலமில்லாத தோள் மூட்டு இறங்கியிருக்கும், இழுத்தால் மாதக்கணக்கில் வலிக்கும், பயிற்சியும் நின்றுபோகும். தலைக்குமேல் கயிறும் கப்பியும் மாட்டிக் கையை இழுக்கிற பயிற்சி பல இடங்களில் இன்னும் நடக்கிறது. வேண்டாம், தோள் வலியைக் கொண்டுவருவதாகத் தெரிந்த முறை அது. ரத்த அழுத்த மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையும் ஒரு நாளும் விடக் கூடாது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அவர் தூங்குகிறாரா? சாப்பாட்டில் விருப்பம் இருக்கிறதா? வேலையைப் பற்றிப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா? பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. கையால் சோறு தேடியவருக்குக் கை போவது என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மனச்சோர்வோடு 200 தடவை உப்புத்தாள் தேய்க்க யாராலும் முடியாது. அது இருந்தால் அதற்கு முதலில் வைத்தியம் பாருங்கள்.

எதிர்பார்ப்பு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். பழைய வலது கை அப்படியே திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். பலகையை அழுத்திப் பிடிக்கிற கை, டம்ளரை நிமிர்த்திப் பிடிக்கிற கை, சட்டையின் கீழ்ப் பொத்தானில் துணி நழுவாமல் பற்றிக்கொள்கிற கை. துண்டு கொஞ்சமாவது விடுபட்டால் இவ்வளவுக்கு நிச்சயம் முயலலாம், அதற்கு மேலும் வரலாம். துளியும் விடுபடாவிட்டால் இடது கைக்குத் துணையாக அழுத்திப் பிடிக்கிற கையாக்குவதை முதல் இலக்காக வையுங்கள்.

அந்தத் துண்டுச் சோதனையைக் காலையில், அவர் நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் செய்யுங்கள். மணிக்கட்டை நேராகத் தாங்கியபோது எந்த விரல் முதலில் நகர்ந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது, கட்டைவிரல் உள்ளங்கையை விட்டு வெளியே வந்ததா என்று குறித்து எனக்கு எழுதுங்கள். எந்த வழியில் தொடங்கலாம், தெரபிஸ்ட்டிடம் என்ன கேட்க வேண்டும் என்று அதை வைத்து விவரமாக எழுதுகிறேன்.